பொறித்த எண்ணும் பிறவி எண்ணும்

"சிப்புக்குள்ள இருக்கிற நம்பர் சாகுற வரைக்கும் மாறாது மாப்ளே. ரெண்டு சிப்புக்கு ஒரே நம்பர் வரவும் வராது." கப்பலூர் தொழிற்பேட்டையில் மெஷின் போர்டுகளைப் பழுதுபார்க்கும் என் மாமா இதை வேதவாக்குபோல் சொல்வார். அவர் கைக்கு வரும் சில போர்டுகளில் எஃப்.பி.ஜி.ஏ. சிப்பை (உள்சுற்றை நாமே அமைத்துக்கொள்ளக்கூடிய சிப்) மாற்றினால் மெஷின் ஓடாது. உள்ளிருக்கும் நிரல் பழைய சிப்பின் எண்ணைத்தான் கேட்கும். அந்த எண் எங்கிருந்து வந்தது என்று கேட்டால், "ஃபேக்டரியிலயே பொறிச்சிருவான்" என்பதோடு சரி. அந்த உறுதிதான் என்னை உறுத்தியது.

அவர் சொன்னதில் பாதி உண்மை. ஜைலின்க்ஸ் நிறுவனம் (2022 முதல் ஏ.எம்.டி.யுடையது) தன் 7 சீரிஸ் சிப்புகளில் தொழிற்சாலையிலேயே 64 பிட் எண்ணைப் பதித்து அனுப்புகிறது. பெயர், டிவைஸ் டி.என்.ஏ.

மறுபாதி இடறியது. சிப்புக்குள் ஓடும் சர்க்யூட்டுக்கு அந்த 64 பிட்டும் தெரியாது. 57 மட்டுமே தெரியும். ஒரே குடும்பத்தில் 32 சிப்புகள் வரை அந்த 57 பிட் எண்ணைப் பகிர்ந்துகொள்ளக்கூடும் என்று நிறுவனத்தின் கையேடே எழுதியிருக்கிறது. தெருப்பெயர் இல்லாத கதவிலக்கம் மாதிரி: பன்னிரண்டாம் எண் வீடு மதுரையின் நான்கு மாசி வீதிகளிலும் இருக்கும். முழு எண் வேண்டுமானால் ஜே-டேக் எனும் சோதனை இணைப்பு வழியாக வெளியிலிருந்து படிக்க வேண்டும்.

மாமா நம்பவில்லை. "ஒரே நம்பர் இருக்கிற ரெண்டைக் கொண்டாந்து காட்டு." பொறியியல் கல்லூரி மாணவர்களிடம் போர்டுகளை இரவல் வாங்கிப் படித்துப் பார்த்தேன். எல்லாம் வேறு வேறு எண்கள். அவருக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. பல லட்சம் சிப்புகளில் இரட்டையர் இருவரும் மதுரைக்கே வந்து சேர வேண்டும் என்று என்ன கட்டாயம்? அந்த வழி அதோடு அடைபட்டது.

ஆனால் கையேடுகளைப் புரட்டியதில் இன்னொன்று சிக்கியது. பழைய ஸ்பார்ட்டன்-3ஏ சிப்பின் தரவுத்தாள், அந்த எண்ணைக் குறைந்தது 3 கோடி முறை படிக்கலாம் என்று உறுதி தருகிறது. தாராளம்தான். மெஷினைப் போடும்போது ஒரு தடவை படித்தால் தலைமுறைகள் தாண்டும். நொடிக்கொரு தடவை படிக்கும்படி யாராவது நிரல் எழுதிவிட்டால்? 347 நாளில் அந்த உறுதி தீர்ந்துவிடும். இதைக் கேட்டதும்தான் மாமா கண்ணாடியைக் கழற்றினார்.

பொறிக்காமலே அடையாளம் கிடைக்காதா என்று தேடல் திரும்பியது அப்போதுதான். 1985இல் சென்னை ஐ.ஐ.டி.யில் பி.டெக். முடித்த ஸ்ரீனிவாஸ் தேவதாஸ், எம்.ஐ.டி.யில் கசென்ட், கிளார்க், வான் டைக் ஆகியோருடன் 2002இல் இதற்கு ஒரு வழி சொன்னார். ஒரே வார்ப்பில் வந்த சிப்புகளிலும் டிரான்சிஸ்டர்களுக்குள் நுண்ணிய வேறுபாடு உண்டு. எந்த ஆலையாலும் அதைத் திட்டமிட்டு நகலெடுக்க முடியாது. பின்னர் வந்த வடிவில், ஒரே மாதிரி அமைத்த இரண்டு அலைவு வளையங்களில் எது வேகமாகத் துடிக்கிறது என்று பார்த்தால் ஒரு பிட். இப்படிப் பல ஜோடிகள் சேர்ந்தால் அந்தச் சிப்பின் பிறவி எண்.

இந்த ஜோடி முறையை 2007இல் ஸூ என்ற ஆய்வாளரும் தேவதாஸும் 15 எஃப்.பி.ஜி.ஏ.க்களில் சோதித்தார்கள். வெவ்வேறு சிப்புகளின் பிட்டுகள் சராசரியாக 46.15 விழுக்காடு வேறுபட்டன. அதே சிப்பை 20 டிகிரியிலிருந்து 120 டிகிரிக்குச் சூடேற்றி, மின்னழுத்தத்தையும் குறைத்தபோது மாறியவை வெறும் 0.48 விழுக்காடு. மதுரைச் சித்திரை வெயில் அதற்கு எம்மாத்திரம்!

ஆனால் அது கொஞ்ச நேரச் சூடு. ஆண்டுக்கணக்கில் சூட்டிலும் மின்னழுத்தத்திலும் கிடக்கும் டிரான்சிஸ்டர் மெல்லத் தளர்கிறது, வளையமும் மெதுவாகிறது. ஜோடியில் இரண்டும் ஒரே அளவில் தளர்ந்தால் கவலையில்லை. ஒன்று மட்டும் பின்தங்கினால் பிட் புரண்டுவிடும். பிட் புரளாதிருக்கத்தான் எட்டு வளையங்களில் வேக இடைவெளி மிக அதிகமான ஜோடியையே பொறுக்கி எடுத்தார்கள். மிச்சப் பிழையைத் திருத்தத் தனிக் கணக்கு இருக்கிறது. ஒரு எல்லைவரைதான் அது தாங்கும்.

இராப்பகல் ஓடும் மில்லில் அந்த எல்லை எத்தனை வருஷத்தில் வரும் என்று இப்போது கேட்பவர் மாமா. வரும் போர்டுகளின் எண்களை ஜே-டேக் வழியாக முழுசாகப் படித்து ஒரு நோட்டில் குறித்துவைக்கத் தொடங்கியிருக்கிறார்.