கரி துடைத்த கதை

போன மாசம் ஒரு துப்பாக்கியைப் பாழாக்கிட்டேன். போலீசைக் கூப்பிடாதீங்க மக்கா, முழுசாக் கேளுங்க :-)

ஆபீஸ்ல எனக்கு ரெண்டு சீட் தள்ளி ஒரு அமெரிக்கப் பெரியவர். இந்தப் பதிவுல அவர் பேரு தாத்தா. நாங்க பொட்டி தட்டுறது இந்தியானாவுல. இதே மாநிலத்துல ஃப்ரெண்ட்ஷிப்னு ஒரு குட்டி ஊர். 1933-ல ஆரம்பிச்ச தேசிய மஸில்லோடிங் ரைஃபிள் சங்கத்தோட மைதானம் அங்கதான். தாத்தா அங்க போட்டிக்குப் போறவர். அவரோட ரைஃபிள், அவங்க அப்பா பாகம் பாகமா வாங்கி ராவி, இழைச்சு, கோத்தது. இப்ப தாத்தாவுக்குத் தோள்பட்டையில ஆபரேஷன். "நீ வந்து சுடு, நான் சொல்லித் தர்றேன்"னார்.

மஸில்லோடருக்குத் தோட்டா கிடையாது. நம்ம ஊர் நாட்டுத் துப்பாக்கி மாதிரி, குழல் வாய் வழியா மருந்து, அது மேல குண்டு. இது .50 காலிபர். 70 கிரெயின் கருமருந்து, அதாவது கிட்டத்தட்ட நாலரை கிராம். டப்பாவுல இருந்து நேரா குழல்ல கொட்டவே கூடாது. உள்ள தணல் ஏதாவது மிச்சம் இருந்தா கையில இருக்கற டப்பா குண்டாயிடும். அளவுக் குழாய்ல எடுத்துத்தான் ஊத்தணும். அப்புறம் எண்ணெய் தடவின பருத்தித் துணி வில்லை, அதுல .490 இஞ்ச் ஈய உருண்டை. துணிதான் உள்ள இருக்கற புரியைக் கவ்விக்கிட்டு உருண்டையைச் சுழல வைக்குது.

50 கஜ தூரம். முதல் ரெண்டு குண்டு ஒட்டி ஒட்டி. மூணாவது மேல போச்சு. நாலாவது எங்கன்னே தெரியலை. அஞ்சாவது பாதிக் குழல்ல நின்னுடுச்சு. "அப்படியே சுட்டுடலாமா?"ன்னேன். அன்னிக்குத்தான் தாத்தா கத்தி முதல்முறையாப் பாத்தேன். மருந்துக்கும் குண்டுக்கும் நடுவுல இடைவெளி இருந்தா குழல் வீங்கிடும், வெடிக்கவும் வெடிக்கும். இதுக்குத்தான் ராம்ராட்ல கோடு போட்டு வெச்சிருக்கார். கோடு குழல் வாய்க்கு வந்தாத்தான் குண்டு மருந்து மேல உக்காந்திருக்குன்னு அர்த்தம். மூச்சுப் பிடிச்சுத் தள்ளி இறக்கினேன்.

காரணம் கரி. கருமருந்து எரிஞ்சா பாதிக்கு மேல திடப்பொருளாவே தங்கிடுது. ஒவ்வொரு வெடிக்கும் குழல் சுருங்கிட்டே வருது. அதனால ஒவ்வொரு தடவையும் ஈரத்துணி ஒண்ணு, காஞ்ச துணி ஒண்ணு. ஈரம்னா சொட்டச் சொட்ட இல்ல. சொட்டினா கரி குழம்பா இறங்கி, நெருப்பு வர்ற ஓட்டையை அடைச்சுடும். குண்டை அழுத்தற பலமும் ஒவ்வொரு தடவையும் ஒண்ணா இருக்கணும். ஒவ்வொரு ரன்னுக்கும் கேஷ் கிளியர் பண்ற மாதிரின்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். அடுத்த அஞ்சு குண்டும் ஒரு இட்லிக்குள்ள அடங்கிச்சு!

தாத்தாவால தேய்க்க முடியாதேன்னு, வீட்டுக்குக் கொண்டு போய் நானே கழுவறேன்னேன். "இன்னிக்கு ராத்திரியே"ன்னு மூணு தடவை சொன்னார். வீட்டுக்குள்ள நுழையறேன், போன். புரொடக்‌ஷன் அவுட். விடிய விடிய அதே. ஞாயித்துக்கிழமை பூரா தூக்கம். திங்கள் சாயங்காலம் குழல்ல துணியை விட்டா ஆரஞ்சு கலர்ல வருது. கரியில இருக்கற உப்பு காத்துல இருந்து ஈரத்தை இழுக்கும், இரும்பைத் தின்னும். குழலைக் கழட்டி பக்கெட்ல நிறுத்தி, சோப்பு போட்ட வெந்நீரைத் துணியாலயே பம்ப் அடிச்சுத் தேய்ச்சு, காயவெச்சு, எண்ணெய் போட்டேன். துணி வெள்ளையா வந்துச்சு. ஆனா ஒரே ஒரு இடத்துல மட்டும் சொரசொரன்னு பிடிக்குது.

செவ்வாய்க்கிழமை சொல்லிட்டேன். தாத்தா கண்ணை மூடிக்கிட்டு நல்ல கையால கம்பியை மெதுவா இறக்கினார். அதே இடத்துல நின்னார். மறுபடியும் இறக்கினார். "அப்பா இதைத் துடைக்காம சாப்பிட உக்காந்ததில்லை." அவ்வளவுதான் பேசினார்.

அடுத்த சனிக்கிழமை சுட்டுட்டு, தரையில விழுந்த துணி வில்லைகளைப் பொறுக்கினோம். ஒவ்வொண்ணுலயும் ஓரத்துல ஒரே மாதிரிக் கிழிசல். இட்லி, ஊத்தப்பம் ஆயிடுச்சு. கொஞ்சம் தடிச்ச துணி போட்டுப் பாக்கலாம்னார். போட்டோம், சுமாரா சேந்து விழுந்துச்சு. கிளம்பும்போது ரைஃபிளை என் கார்லயே வெச்சுட்டார். நான் கேக்கவே இல்லை.

அன்னிக்கு ராத்திரி பாத்ரூம் பக்கெட்ல குழல் நிக்குது, கையெல்லாம் கரி, போன் அடிக்குது. எடுக்கலை. டேமேஜருக்குத் தமிழ் தெரியாதுங்கற தைரியத்துல இங்க எழுதறேன் :-)