பனமலை: சுதையில் நின்ற ஆடற்கதை

விழுப்புரத்திலிருந்தோ திண்டிவனத்திலிருந்தோ செஞ்சிக்கு வருவோர் பெரும்பாலும் கோட்டையைப் பார்த்துத் திரும்பிவிடுவதால், விழுப்புரத்துக்கு வடமேற்கே ஏரியை அடுத்த சிறு குன்றின்மேல் நிற்கும் பனமலைத் தாளகிரீசுவரர் கோயில் தன் தகுதிக்கேற்ப அறியப்படவில்லை. இராசசிம்மன் என்னும் இரண்டாம் நரசிம்மவர்மப் பல்லவன் 8ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுப்பிய கற்றளி, அதாவது கல்லை அடுக்கிக் கட்டிய கோயில் இது. காஞ்சிக் கைலாசநாதர் கோயிலும் அவன் பணியே.

இவ்வூரின் பெருஞ்செல்வம், வடபுறச் சிறு சன்னதியின் சுவரில் எஞ்சியுள்ள ஓவியமாகும். குடை நிழலில், மணிமுடி தரித்து, ஒரு காலை மடித்து நிற்கும் உமையின் பார்வை, பக்கத்துச் சுவரில் பல கரங்களோடு ஆடும் சிவனை நோக்கியது. அந்த ஆடல் லலாடதிலகம் எனப்படும். நெற்றியில் பொட்டிடுவதுபோலப் பாதத்தைத் தலைக்குமேல் தூக்கும் நிலை அது. காளி எல்லா ஆடல்களுக்கும் ஈடுகொடுத்து ஆடி, இந்த ஒன்றுக்கு மட்டும் நாணித் தோற்றாள் என்று திருவாலங்காட்டோடு சேர்த்து மக்கள் சொல்லிவரும் போட்டிக் கதையின் உச்சமும் இதுவே. ஆடுபவனின் உருவம் பெரிதும் சிதைந்துவிட, பார்ப்பவளின் முகமும் சாய்வும் தெளிவாக நிலைத்திருப்பதால், இன்று அவள் வழியாகவே ஆடலின் வேகத்தை உணர முடிகிறது. வளைந்த ஒரே கோட்டில் உடலின் தளர்வையும் மனத்தின் ஈடுபாட்டையும் ஒருசேரக் காட்டிய அந்தப் பெயர் தெரியாத ஓவியர், தமிழகத்தின் தலைசிறந்த கலைஞருள் ஒருவர் என்பதில் ஐயமில்லை.

இதே வட்டாரத்திலுள்ள மண்டகப்பட்டில், ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக்கு முன், முதலாம் மகேந்திரவர்மன் செங்கல், மரம், உலோகம், சுதை ஆகிய நான்கும் இன்றிக் குடைவரை அமைத்ததாகக் கல்வெட்டில் பெருமிதம் கொண்டான். சுதை என்பது சுண்ணாம்புச் சாந்து. அவன் விலக்கிய அச்சுதையே பனமலையில் கல்லின்மேல் மெல்லிய பூச்சாகி வண்ணத்தைத் தாங்கியது என்பது, பல்லவர் கலை நடந்த தொலைவைக் காட்டுகிறது. கல் மழையையும் வெயிலையும் தாங்கும். பூச்சோ ஈரத்துக்கும் கைபடுதலுக்கும் எளிதில் உதிரும். உமையின் உருவம் இவ்வளவேனும் எஞ்சியிருக்கையில், பனமலைக்குச் செல்வோர் சுவரைத் தொடாமலும், பெயரைக் கீறாமலும், உடன்வரும் பிள்ளைகளுக்கு அக்கதையைச் சொல்லியும் வருதல் வேண்டும்.