வலிய வந்த உதவி

பாங்காக் அரண்மனை வளாகத்தைச் சுற்றி ஓடும் வெள்ளை மதில் ஏறத்தாழ 1,900 மீட்டர் நீளம். பார்வையாளர் வாசல் ஒரு பக்கம்தான்; டாக்சியை விட்டு இறங்குகிறவர்கள் மதிலை ஒட்டிக் கொஞ்ச தூரம் நடக்க வேண்டியிருக்கும். அந்த நடையில் ஏதோ ஒரு மூலையில், இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டையும் நல்ல ஆங்கிலமுமாக ஒருவர் நிற்பார். ‘அரண்மனை இன்று மூடியிருக்கிறதே, பௌத்தர்களுக்கு விசேஷ நாள், மதியத்துக்கு மேல்தான் திறப்பார்கள்’ என்பார். அதுவரை சும்மா இருப்பானேன், பெரிய புத்தர் கோயில் ஒன்று இருக்கிறது, பார்த்துவிட்டு வாருங்கள் என்று ஒரு டுக்டுக்கைக் கைகாட்டி நிறுத்துவார். கூலி நம்ப முடியாத அளவுக்குக் குறைவு. கோயிலில் தற்செயலாக அகப்பட்டவர் போல இன்னொருவர் பேச்சுக் கொடுப்பார்: அரசாங்கமே நீலக்கல்லை வரியில்லாமல் விற்கிறது, இன்றுதான் கடைசி நாள். வண்டி அடுத்து நிற்கும் இடம் நகைக்கடை. வேடிக்கை என்னவென்றால், அங்கே விற்கும் கல் பல சமயம் அசல்தான். விலைதான் போலி.

இதைப் பற்றி வழிகாட்டிப் புத்தகங்கள் பல பத்தாண்டுகளாக எழுதித் தீர்த்துவிட்டன. இருந்தும் இந்த வித்தை பலிக்கிறதென்றால் ஏமாறுகிறவர்கள் அசடுகள் என்று பொருளல்ல. அரச குடும்பச் சடங்குகளுக்காக அரண்மனையைச் சில நாட்களில் நிஜமாகவே மூடுவார்கள். அதனால் பொய்யில் உண்மையின் வாசனை இருக்கிறது. தவிர, ஒருவருக்கொருவர் தொடர்பில்லாத மூன்று பேர் ஒரே விஷயத்தைச் சொன்னால் எந்த மனசும் அதைச் சாட்சியமாக எடுத்துக்கொள்ளும். அந்த மூவரில் ஒருவரைக்கூட நாம் தேர்ந்தெடுக்கவில்லை, மூவரும் நம்மைத் தேடி வந்தவர்கள் என்பது மட்டும் அப்போது உறைக்காது.

பயணம் புறப்படுகிறவருக்கு வீட்டில் சொல்லி அனுப்பும் புத்திமதி, ‘முன்பின் தெரியாதவங்களை நம்பாதே’ என்பது. வெளியூரில் எல்லாருமே முன்பின் தெரியாதவர்கள்தான். அவர்களை நம்பாமல் ஒரு பஸ்கூட ஏற முடியாது. கோடு போட வேண்டிய இடம் வேறு என்பது என் கட்சி. நாமாகப் போய்க் கேட்ட அந்நியர் ஒரு ரகம், வலிய வந்து பேசும் அந்நியர் இன்னொரு ரகம். தெருவில் போகும் நூறு பேரில் நாம் ஒருவரை நிறுத்தி வழி கேட்டால், அவர் மோசடிக்காரராக இருக்கும் வாய்ப்பு மிகச் சொற்பம். உலகத்தில் பெரும்பாலானவர்கள் யோக்கியர்கள்தான். ஆனால் கையில் வரைபடமும் முதுகில் பையுமாக நிற்பவரைத் தேடி வந்து பேச்சுக் கொடுப்பவர்கள் அந்த நூறு பேரின் மாதிரி அல்ல. புது தில்லி ரயில் நிலையத்தில் வெளிநாட்டுப் பயணிகளுக்கான முன்பதிவு அலுவலகம் முதல் மாடியில் இருக்கிறது. படியேறப் போகிறவரிடம் ‘ஆபீஸை வேறு இடத்துக்கு மாற்றிவிட்டார்கள்’ என்று சொல்ல அங்கே ஆள் உண்டு. போர்ட்டரையோ டீக்கடைக்காரரையோ நாமே கேட்டால் மாடியைக் கைகாட்டிவிடுவார்.

அச்சமே பாதுகாப்பு என்பவர்கள் நம் ஊர்ப் போலி போலீஸ்காரர்களைக் கொஞ்சம் நினைத்துப் பார்க்கலாம். கோயிலுக்கு நடந்து போகும் வயதான அம்மாவை மஃப்டியில் இருவர் நிறுத்துவார்கள். ‘என்னம்மா இவ்வளவு நகையைப் போட்டுக்கிட்டு வர்றீங்க? அடுத்த தெருவுல இப்பதான் ஒரு அம்மா செயினை அறுத்துட்டுப் போயிட்டானுங்க. கழட்டிப் பைக்குள்ள வைங்க.’ அவர்களே அக்கறையாகக் காகிதத்தில் மடித்துக் கையில் கொடுப்பார்கள். வீட்டுக்கு வந்து பிரித்தால் ஜல்லிக்கல். அந்த அம்மாவிடம் எச்சரிக்கை உணர்வு குறைவாகவா இருந்தது? இருந்த எச்சரிக்கையைத்தானே அவர்கள் கருவியாக்கிக்கொண்டார்கள்!

என் கோட்டில் ஓட்டைகள் இல்லாமல் இல்லை. இஸ்தான்புல் தெருக்களில் ஷூ பாலிஷ் போடுகிறவர் நமக்கு முன்னே நடந்து போவார். அவர் பெட்டியிலிருந்து பிரஷ் நழுவி விழும். பாவமே என்று எடுத்து, ஓடிப்போய்க் கொடுப்போம். நன்றிக்கடனாக நம் காலணியைத் துடைக்க உட்கார்ந்துவிடுவார். துடைத்து முடித்ததும் காசு கேட்பார். இங்கே தேடிப் போனது நாமல்லவா? இல்லை, பிரஷ் விழுந்ததுதான் அழைப்பு. இணையத்தில் இதே பிரஷ் தினமும் விழுந்துகொண்டிருக்கிறது. கேதார்நாத் ஹெலிகாப்டர் முன்பதிவு என்று தட்டித் தேடினால் முதலில் நிற்பது காசு கொடுத்துப் போட்ட விளம்பரமாக இருக்கலாம். 2025 ஏப்ரலில் உள்துறை அமைச்சகத்தின் சைபர் குற்றத் தடுப்பு மையம், இப்படிப்பட்ட போலித் தளங்கள் பற்றிப் பொதுமக்களை எச்சரித்தது. கேதார்நாத் ஹெலிகாப்டர் டிக்கெட்டுக்கு ஐஆர்சிடிசி நடத்தும் தளம்தான் அதிகாரபூர்வமானது. தேடியது நாம்தான் என்ற நினைப்பில் நம்பிவிடுகிறோம். பணம் போய்விட்டால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-ஐ அழைக்க வேண்டும். அங்கே ஒவ்வொரு நிமிடமும் கணக்கு.

இப்படிக் கணக்குப் பார்த்தால் பயணத்தில் மிஞ்சுவது என்ன, எதிர்பாராத மனிதர்கள்தானே ஊர் சுற்றுவதன் ருசி என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ரயிலை வைத்தே பதில் சொல்லலாம், ஏனென்றால் என் வாதம் அதிகம் தடுமாறும் இடமும் அதுதான். எதிர் இருக்கையில் புளியோதரைப் பொட்டலத்தை நீட்டும் குடும்பம் நம்மைத் தேர்ந்தெடுத்து வரவில்லை. முன்பதிவுப் பட்டியல்தான் அவர்களை அங்கே உட்கார வைத்தது. ஆனால் பிஸ்கட்டிலும் டீயிலும் மயக்க மருந்து கலந்து கொடுப்பவரும் டிக்கெட் எடுத்து, எதிரே உட்கார்ந்து, மணிக்கணக்கில் சிரித்துப் பேசித்தான் கொடுக்கிறார். முகத்தைப் பார்த்து இருவரையும் பிரிக்க எனக்குத் தெரியாது. நல்ல வேளையாக, யாரையும் புண்படுத்தாமல் மறுக்க நம்மிடம் ‘இப்பத்தாங்க சாப்பிட்டேன்’ என்ற அருமையான பொய் இருக்கிறது. பேச்சையும் சிரிப்பையும் பகிர்ந்துகொள்ளத் தடையில்லை. பெட்டியைச் சங்கிலியால் பெர்த்துக்குக் கீழே பூட்டுவதும் அவநம்பிக்கை ஆகாது. சட்டமே அந்தப் பொறுப்பை நம் தலையில்தான் வைத்திருக்கிறது. 1989-ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 100-ஆவது பிரிவுப்படி, பயணி தன்னோடு வைத்திருக்கும் சாமானுக்கு, ஊழியரின் அலட்சியத்தையோ தவறையோ நிரூபித்தாலொழிய, ரயில்வே பொறுப்பாகாது. இடுப்புப் பட்டையில் கட்டியிருந்த 1 லட்சம் ரூபாயைப் பறிகொடுத்த ஒரு பயணிக்கு நுகர்வோர் மன்றங்கள் தரச் சொன்ன இழப்பீட்டை, 2023-இல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்துவிட்டது. களவு போனால் ரயில்வே உதவி எண் 139-க்குச் சொல்லலாம். புகாரை வாங்கிக்கொள்வார்கள், பணத்தைத் தர மாட்டார்கள்.

பேச்சே கொடுக்காமல் பைக்கில் வந்து பறிப்பவனுக்கு என் கோடு ஒன்றும் செய்யாது. பையைச் சாலைப் பக்கத் தோளில் மாட்டாமல் இருக்கலாம். பிடித்து இழுத்தால் பொருளை விட்டுவிடுவது உயிருக்கு நல்லது. தனியாகப் போகும் பெண்ணைப் பின்தொடர்கிறவன் விஷயமும் அப்படியே. அதைப் பெண்ணின் ஜாக்கிரதைக் குறைவாகப் பேசுவது அநியாயம். அது போலீஸின் வேலை, தெருவிளக்குப் போடுகிறவர்களின் வேலை. பயணியின் கவனம் அந்த வேலைகளுக்கு மாற்றாகாது. தாய்லாந்து சுற்றுலாப் பயணிகளுக்கென்றே தனிப் போலீஸும் 1155 என்ற எண்ணும் வைத்திருப்பது இது புரிந்ததால்தான்.

ஆனால் அரண்மனை மூலையில் நிற்கும் மனிதரிடம் இத்தனையும் தேவைப்படாது. அவரோடு வாதாட வேண்டாம், முறைக்க வேண்டாம். நடையை நிறுத்தாமல் ஒரு புன்னகையோடு ‘தேங்க்ஸ்’ சொன்னால் போதும். நம் வளர்ப்புக்கு, ஒருவர் பேசும்போது நிற்காமல் போவதுதான் சிரமம். அவர் பிழைப்பு ஓடுவதும் அந்தச் சிரமத்தை நம்பித்தான். மதிலை ஒட்டியே மேலே நடந்தால் வாசல் வரும். காலை 8.30-லிருந்து பிற்பகல் 3.30 வரை அங்கே டிக்கெட் கொடுக்கிறார்கள், விலை 500 பாட். திறந்திருக்கிறதா என்று சீருடையில் நிற்கும் காவலரை நாமே கேட்டுக்கொள்ளலாம்.