ஜீன்ஸ் மகாத்மியம்

"உங்களுக்கு என்ன வயசு?" என்று என் மனைவி கேட்டாள்.

கல்யாணமாகி 40 வருஷத்துக்கு மேல் ஆன பிறகு ஒரு மனைவி இந்தக் கேள்வியைக் கேட்டால், அது பதில் தெரிந்து கொள்வதற்காக அல்ல என்பது கல்யாணமான நேயர்களுக்குத் தெரிந்திருக்கும். ஆகையால் நான் பதில் சொல்லவில்லை. நிலைக்கண்ணாடிக்கு முன்னால் நின்று, பின்புறம் எப்படி இருக்கிறது என்று திரும்பித் திரும்பிப் பார்த்துக் கொண்டிருந்தேன். 68 வயதில் புதிதாக ஒரு ஜீன்ஸ் வாங்கியிருந்தேன். அதுதான் சமாசாரம்.

"பாங்கிலிருந்து ஓய்வு பெற்றவர், பேரன் எடுத்தவர், இவருக்கு ஜீன்ஸைப் பற்றி எழுத என்ன யோக்கியதை?" என்று தாங்கள் கேட்கலாம். யோக்கியதை இரண்டு உண்டு. ஒன்று, நான் ஒரு தையற்காரரின் மகன். இன்னொன்று, 1979-ஆம் வருஷத்திலிருந்து ஜீன்ஸினால் பட்டவன்.

அந்த வருஷந்தான் எனக்குச் சென்னையில் உத்தியோகம் கிடைத்தது. முதல் மாதச் சம்பளம் அறுநூற்றுச் சொச்சம். அதை வாங்கிய அன்று சாயங்காலமே பர்மா பஜாருக்குப் போய், 130 ரூபாய் கொடுத்து ஒரு சீமை ஜீன்ஸ் வாங்கினேன். அதுவரையில் என் உடம்பில் ஏறிய துணி அத்தனையும், அரைஞாண் கயிற்றைத் தவிர, அப்பா தைத்தது. மாயவரம் கடைத்தெருவில் ஒரு திண்ணையும் ஒரு மிதி மெஷினும்தான் அவருடைய சாம்ராஜ்யம்.

தீபாவளிக்கு அந்த ஜீன்ஸையே மாட்டிக் கொண்டு ஊருக்குப் போனேன். அம்மா வாசலிலேயே மோவாயில் கையை வைத்துக் கொண்டாள். "என்னடா இது, சாயம் போன சாக்கைச் சுத்திக்கிட்டு வந்து நிக்கிறே?" என்றாள். மாமா ஒரு படி மேலே போனார். "துறைமுகத்துக் கூலிக்காரன் போடுறதைப் பாங்கு உத்தியோகஸ்தன் போடலாமா?" என்று கேட்டார்.

மாமா சொன்னதில் ஓரளவு உண்மை இருந்தது. பம்பாய்த் துறைமுகத்தை ஒட்டிய டோங்கிரி என்ற பேட்டையின் பெயரால் வழங்கிய முரட்டுத் துணிதான் இங்கிலீஷில் 'டங்கரி' ஆயிற்று. மாலுமியும் உழைப்பாளியும் உடுத்தியது. அமெரிக்காவிலும் ஜீன்ஸ் கூலிக்காரன் உடுப்பாகத்தான் பிறந்தது. 1951-இல் பிங் கிராஸ்பி என்ற பெரிய பாடகர் ஜீன்ஸ் அணிந்து கொண்டு கனடாவில் வான்கூவர் நகரத்து ஹோட்டல் ஒன்றுக்குப் போனார். யாரோ என்று நினைத்து அவருக்கு அறை கொடுக்க மறுத்து விட்டார்கள். சிரிக்காதீர்கள்! 2014-இல் நம் சென்னையில் ஹைகோர்ட் நீதிபதி ஒருவரையே, வேட்டி கட்டி வந்தார் என்பதற்காக ஒரு கிளப்பில் உள்ளே விட மறுத்தார்கள். அதற்காகச் சட்டசபையில் ஒரு சட்டமே போட வேண்டியிருந்தது. உடுப்பின் மரியாதையை வாசற்காவலன் கையில் விட்டால் இப்படித்தான்.

அது போகட்டும். அம்மாவும் மாமாவும் திட்டியதை நான் பொருட்படுத்தவில்லை. அப்பா ஒன்றும் சொல்லாததுதான் என்னவோ செய்தது. மூக்குக் கண்ணாடிக்கு மேலாக ஒரே ஒரு தடவை பார்த்தார். பிறகு கையிலிருந்த சட்டைக்குக் காஜா எடுக்க ஆரம்பித்து விட்டார். ஹோட்டல்காரர் மகன் எதிர் ஹோட்டலில் சாப்பிட்டுவிட்டு, அப்பாவின் கல்லாவுக்கு முன்னால் வந்து நின்று ஏப்பம் விட்டால் எப்படி இருக்கும்? நான் செய்திருப்பது அந்தக் காரியந்தான் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

இரவு பதினொரு மணி இருக்கும். விழிப்பு வந்து பார்த்தால் கூடத்தில் விளக்கு எரிந்தது. அப்பா என் ஜீன்ஸை உள்வெளியாகப் புரட்டி மடியில் போட்டுக் கொண்டு, தையல் மேல் விரலை வைத்து மெள்ளத் தடவிக் கொண்டே போனார்.

"தூங்கலையா, அப்பா?"

"இங்கே வா, தம்பி. இதைப் பாத்தியா? ரெண்டு துணியோட விளிம்பும் ஒண்ணுக்குள்ள ஒண்ணு மடிஞ்சு, மேலே ரெட்டைத் தையல் போயிருக்கு. பிசிறு ஒண்ணு வெளியிலே தெரியுதா, பாரு! பை எந்த மூலையிலே கிழியும்னு தெரிஞ்சு, அங்கே செப்பு ஆணி அடிச்சிருக்கான். இந்த ஆணியை யோசிச்சவன் முதலாளி இல்லேடா. கையிலே ஊசி பிடிச்சவன்."

பிறகு என்னை நிற்க வைத்து, "நல்ல துணியைக் கீழே இப்படிச் சுருட்டி விட்டுக்கிட்டு நிக்கலாமா? அளவு கொடு" என்றார். அந்த அகாலத்தில் அளவெடுத்தார், வெட்டினார், மெஷினில் உட்கார்ந்தார். பக்கத் தையல் மடிப்புக்கு வந்ததும் ஊசி முறிந்தது. அடுத்த ஊசியும் முறிந்தது. அப்பா எழுந்து போய் அம்மிக் குழவியை எடுத்து வந்து, அந்த மடிப்பின் மேல் நாலு தட்டுத் தட்டினார். மடிப்பு படிந்தது. பெடலை மிதிக்காமல், சக்கரத்தைக் கையால் சுற்றி, ஒவ்வொரு தையலாக அந்த இடத்தைக் கடந்தார். மறுநாள் காலையில் ஜீன்ஸ் என் கொடியில் தொங்கிற்று. அதைப் பற்றி அவர் பிறகு ஒரு வார்த்தை பேசவில்லை. நானும் பேசவில்லை.

அப்பா 1991-இல் காலமானார். அதற்கு வெகு நாளைக்குப் பிறகுதான் ஒரு புத்தகத்தில் இந்த விவரத்தைப் படித்தேன். அமெரிக்காவில் நெவாடா மாகாணத்து ரீனோ நகரத்தில் ஜேக்கப் டேவிஸ் என்று ஒரு தையற்காரர் இருந்தார். ரீகாவிலிருந்து பிழைக்கப் போனவர். 1870-ஆம் வருஷக் கடைசியில் ஒரு தொழிலாளியின் மனைவி அவரிடம் வந்து, தன் புருஷனுக்குக் கிழியாத கால்சட்டை ஒன்று வேண்டும் என்று கேட்டாள். டேவிஸ் குதிரைப் போர்வைகளுக்கு அடிக்கிற செப்பு ஆணியை எடுத்துக் கால்சட்டைப் பையின் மூலைகளில் அடித்துக் கொடுத்தார். அது பிரசித்தமாகி விட்டது. பேட்டண்ட் எடுக்கக் கையில் பணமில்லை. துணி சப்ளை செய்த சான்பிரான்ஸிஸ்கோ வியாபாரிக்குக் கடிதம் எழுதினார். அந்த வியாபாரிதான் லீவை ஸ்ட்ராஸ். 1873-ஆம் வருஷம் மே மாதம் 20-ந் தேதி பேட்டண்ட் கிடைத்தது. வியாபாரியின் பெயர் உலகத்துக்கெல்லாம் தெரியும். தையற்காரரின் பெயரை எத்தனை பேர் கேள்விப்பட்டிருக்கிறார்கள்?

கையில் ஊசி பிடித்தவன்! அப்பா சொன்னது அட்சரம் பிசகாமல் அப்படியே இருந்தது. ஓடிப் போய்ச் சொல்லலாம் என்றால், சொல்ல வேண்டியவர் இல்லை.

நிற்க. இந்த மாதம் ஜீன்ஸ் வாங்கிய கதைக்கு வருகிறேன். காலேஜில் படிக்கும் என் பேரனுக்குப் பிறந்த நாள். அவனை அழைத்துக் கொண்டு கடைக்குப் போனேன். அவன் எடுத்து நீட்டிய ஜீன்ஸில் முழங்கால் இரண்டும் கிழிந்திருந்தன. தொடை இரண்டும் வெளுத்திருந்தன. விலை 3,500 ரூபாய்.

"ஏண்டா, இதை யார் போட்டுக் கிழித்தது?" என்றேன்.

"கிழிசலுக்குத்தான் தாத்தா காசு!" என்றான்.

அவனுக்கு ஒரு விஷயம் சொன்னேன், தங்களுக்கும் சொல்கிறேன். ஜீன்ஸ் துணியில் பாவு நூல் நீலம், ஊடை நூல் வெள்ளை. அதனால்தான் உள்பக்கம் வெளிறித் தெரிகிறது. நீலமும் நூலின் மேல்பக்கத்தில்தான் ஒட்டிக் கொண்டிருக்கும். நடுநூல் வெள்ளையாகவே இருக்கும். ஆகையால் எங்கே உராய்கிறதோ அங்கே மெதுவாக வெளுக்கும். முழங்கால் மடிகிற இடம், மணிபர்ஸ் வைக்கிற இடம், எல்லாம் போட்டவருடைய நடமாட்டத்தை அப்படியே எழுதிக் காட்டும். அதைக் காத்திருந்து சம்பாதிக்கப் பொறுமை இல்லாதவர்களுக்காக, மணலைக் காற்றின் வேகத்தில் பீச்சியடித்துப் புதுத் துணியைப் பழசாக்கினார்கள். அந்த மணல் தூசியைச் சுவாசித்த துருக்கி தேசத்துத் தொழிலாளிகளில் பல பேருக்கு நுரையீரல் கல்லாகிச் செத்தார்கள். 2009-இல் அந்தத் தேசத்தில் அந்த வேலையையே தடை செய்தார்கள். இன்றைக்கு லேசர் முதலான வேறு வழிகள் வந்திருக்கின்றன, வாஸ்தவந்தான். ஆனாலும் நம்முடைய முழங்காலைத் தேய்க்க இன்னொருவரை எதற்காகக் கூலிக்கு அமர்த்த வேண்டும்?

பேரன் பதில் சொல்லாமல் கிழிசலை இருந்த இடத்தில் வைத்தான். நான் கருநீலத்தில் ஒன்றை எடுத்து அங்கேயே உள்வெளியாகப் புரட்டினேன். "சார், அது உள்பக்கம்!" என்று பதறினாள் விற்பனைப் பெண். "தெரியும் அம்மா. வெளிப்பக்கத்தை எல்லாரும் பார்த்துக் கொள்வார்கள்" என்றேன்.

ஜீன்ஸ் வாங்கும் நேயர்கள் முதலில் உள்பக்கத்தைப் பாருங்கள். தையல் நெருக்கமாகவும் ஒரே சீராகவும் போக வேண்டும். பிசிறு தொங்கக் கூடாது. பையின் உள்துணி கெட்டியாக இருக்க வேண்டும்; விரலை வைத்தால் நிழல் தெரிகிற துணியானால் ஆறே மாதத்தில் சில்லறை தெருவில் விழும். ஓரத்தில் வேட்டிக்கு இருப்பது போல் நெய்த கரை தெரிந்தால், அது குறுகலான நாடாத் தறியில் நெய்த துணி. விலை கூடுதலாக இருக்கும். நல்ல துணிக்குக் கரை ஓர் அடையாளந்தான். ஆனால் கரை இருக்கிறது என்பதற்காக மட்டும் வாங்கி விடாதீர்கள்.

இரண்டாவது, கனம். ஜீன்ஸ் துணியைச் சதுர கஜத்துக்கு இத்தனை அவுன்ஸ் என்று கணக்கிடுவார்கள். 14 அவுன்ஸ் துணி குளிர் தேசத்துக்குச் சரி. சென்னையில் சித்திரை மாதத்தில் அதை அணிவது கம்பளியைப் போர்த்திக் கொண்டு அடுப்படியில் உட்காருவதற்குச் சமானம். நமக்குப் பத்திலிருந்து 12 அவுன்ஸ் போதும்.

மூன்றாவது, அளவு. புதிதில் இடுப்பு சற்றே பிடிப்பாக இருக்கட்டும். போடப் போட இளகும். பெல்ட்டு அழகுக்காக இருக்க வேண்டுமே தவிர, மானத்தைக் காப்பதற்காக இருக்கக் கூடாது. நின்று மட்டும் பார்க்காதீர்கள், உட்கார்ந்தும் பாருங்கள். நான் கடையின் நடுவில் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். பேரன் யாரோ எவரோ என்பது போல் அந்தப் பக்கம் திரும்பிக் கொண்டான். பந்தியில் உட்கார முடியாத கால்சட்டை நமக்கு எதற்கு ஐயா? நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்கு இழுவை நூல் கலந்த துணி உட்கார வசதியாக இருக்கும். ஆனால் சூடு பட்டால் அந்த இழுவை சீக்கிரம் செத்துவிடும். முழுப் பருத்தி நீண்ட நாள் உழைக்கும்.

அணிகிற விதத்தில் ஒரே விதிதான்: ஜீன்ஸ் முரடு, ஆகையால் மற்றதெல்லாம் ஒழுங்காக இருக்க வேண்டும். கருநீல ஜீன்ஸ், இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, பாலிஷ் போட்ட தோல் பூட்ஸ். இதை அணிந்த மனிதரை யாரும் குறை சொல்ல முடியாது. கீழே துணி குவியக் கூடாது. கத்தி போல் மடிப்பு வைத்து இஸ்திரி போடவும் கூடாது.

துவைப்பதில் ஜாக்கிரதை! உள்வெளியாகப் புரட்டிக் குளிர்ந்த தண்ணீரில் அலசி நிழலில் உலர்த்த வேண்டும். கல்லில் அறையக் கூடாது. முதல் இரண்டு மூன்று அலசலுக்கு முன்னால் வெள்ளைத் துணி மேல் உட்காரவே உட்காராதீர்கள். ஒரு தடவை புத்தம் புது ஜீன்ஸோடு சம்பந்தி வீட்டு வெள்ளை சோபாவில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து எழுந்தேன். என் திருவுருவம் நீல வர்ணத்தில் அங்கே பிரதிஷ்டை ஆகியிருந்தது. சம்பந்தியம்மாள் மிகவும் மரியாதையுள்ளவர். இன்றுவரை எனக்குப் பிரம்பு நாற்காலிதான் போடுகிறார்.

கடைசியில் எங்கள் இருவருக்கும் ஒவ்வொரு ஜீன்ஸ் வாங்கினோம். என்னுடையது இரண்டு அங்குலம் நீளம். "இங்கேயே இலவசமாகச் சின்னதாக்கித் தருவார்கள், தாத்தா" என்றான் பேரன். வேண்டாம் என்று வீட்டுக்கு எடுத்து வந்தேன்.

அப்பாவின் மெஷின் இன்னும் எங்கள் கூடத்து மூலையில் இருக்கிறது. அதற்கு எண்ணெய் விட்டேன். பெட்டியிலிருந்து 1979-ஆம் வருஷத்து ஜீன்ஸையும் வெளியே எடுத்தேன். அது இப்போது என் ஒரு காலுக்குக்கூடப் போதாது. முழங்கால் நைந்து, நீலம் போய், சாம்பல் நிறமாகி விட்டது. கீழ் மடிப்புத் தையல் மட்டும் அப்படியே இருக்கிறது. பேரன் அதை வாங்கி, நான் சொல்லாமலே உள்வெளியாகப் புரட்டிப் பார்த்தான். "இதை யார் தாத்தா தைத்தது?" என்று கேட்டான்.

சொன்னேன். குழவியை எடுத்து வரச் சொன்னேன். அவன் தட்டினான், நான் தைத்தேன். ஓர் ஊசிதான் முறிந்தது.

கண்ணாடியின் முன்னால் நின்றபோது என் மனைவி வயசைக் கேட்டது அதற்கு அப்புறந்தான். பிறகு குனிந்து காலடியைப் பார்த்துவிட்டு, "தையல் கோணலா இருக்கே!" என்றாள்.

கோணல்தான். அப்பா இருந்தால் பிரித்துவிட்டு மறுபடியும் தைக்கச் சொல்லியிருப்பார். ஞாயிற்றுக்கிழமை பிரிக்கலாம் என்றிருக்கிறேன். பேரன் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறான்.