அணையவும் வேண்டும்

பிறந்த மண்ணை விட்டு வேற்றூரில் வாழும் நம் குடும்பங்களில் ஒரு பொதுப் பண்பைக் காணலாம். ஒரு பொருள் பழுதுபட்டால் அதனை உடனே எறிந்துவிட நமக்கு மனம் வருவதில்லை. குடையாயினும் கடிகாரமாயினும் நாமே பிரித்துப் பார்க்கிறோம். கையில் கிடைத்ததைக் கொண்டு சரிசெய்யவும் முனைகிறோம். சிக்கனமும் கைத்திறனும் கலந்த இப்பண்பு போற்றத்தக்கதே. ஆயினும் அதற்கும் ஓர் எல்லை உண்டு என்பதை ஒரு பழைய கார் எங்களுக்குக் கற்பித்தது. அதனை நம் சங்கத்து அன்பர்களுக்குச் சொல்வது பயனுடையது என எண்ணுகிறோம்.

எங்கள் பாட்டனார் தொழில் நிமித்தம் வேலூரிலிருந்து சித்தூருக்குக் குடிவந்தவர். இரண்டு ஊர்களுக்கும் இடையே ஏறத்தாழ 35 கிலோமீட்டர்தான் தொலைவு. அவர் வந்தபோது இரண்டும் சென்னை மாகாணத்தில் இருந்தன. 1953 இல் ஆந்திர மாநிலம் அமைந்தபோது, எங்கள் வீடு இருந்த இடத்திலேயே இருக்க, நாங்கள் வெளிமாநிலத்தார் ஆனோம்!

1976 இல் எங்கள் தந்தையார் பழைய அம்பாசிடர் கார் ஒன்றை வாங்கினார். கல்கத்தாவுக்கு அருகே உத்தரபாராவில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் நிறுவனத்தார் 1950களின் இறுதியிலிருந்து 2014 வரை செய்துவந்த கார் அது. முன் இருக்கையில் மூவர், பின் இருக்கையில் நால்வர், மடியில் குழந்தைகள் என்று ஒரு குடும்பத்தையே ஏற்றிக்கொள்ளும். திருப்பதி சென்றுவர அதைவிட ஏற்ற வாகனம் அந்நாளில் எங்களுக்கு வேறு இல்லை.

நாளடைவில் அதன் சுவிட்சுகள் ஒவ்வொன்றாகப் பழுதாயின. விளக்கொளியை உயர்த்தித் தாழ்த்தும் சுவிட்சு, கிளட்சுப் பெடலுக்கு அருகே காலடியில் இருந்தது. மழைநாளில் செருப்போடு வரும் சேறும் நீரும் அதற்குள் புகும். தந்தையார் அதனைக் கழற்றி, செம்பு முனைகளை உப்புத்தாளால் மெல்லத் தேய்த்து மீண்டும் பொருத்துவார். அது நல்ல வைத்தியமே. பின்னர் ஹாரன் பொத்தான் உடைந்தது. வீட்டு வாசலில் வைக்கும் அழைப்புமணிப் பொத்தானை அதற்கு ஈடாக வைத்தார். "மணியடித்தால் யார் வந்து கதவைத் திறப்பார்கள்?" என்று உறவினர்கள் நகைப்பார்கள், அவரும் சேர்ந்து நகைப்பார்.

அடுத்து முகப்பு விளக்கின் சுவிட்சே கெட்டது. மாற்றுச் சுவிட்சு வேண்டுமாயின் சென்னைக்குச் சென்று, ஜெனரல் பேட்டர்ஸ் சாலையிலோ புதுப்பேட்டையிலோ தேடவேண்டும். ஒரு நாள் வேலையும் பயணச் செலவும் போகும். ஆதலின் தந்தையார் சுவரில் பதிக்கும் 5 ஆம்பியர் வீட்டுச் சுவிட்சு ஒன்றைத் தகரத் துண்டில் பொருத்தி, டாஷ்போர்டின் கீழே அமைத்தார். ஆறு மாதம் அது குறையின்றி வேலை செய்தது.

1984 இல் ஓர் இரவு, திருப்பதியில் திருமணம் முடிந்து திரும்பிக்கொண்டிருந்தோம். சந்திரகிரியைக் கடந்து பூதலப்பட்டை நோக்கி வரும்போது கருகிய நாற்றம் எழுந்தது. சுவிட்சிலிருந்து புகை வந்தது, விளக்குகள் அணைந்தன. தந்தையார் வண்டியை நிறுத்திப் பாட்டரியின் இணைப்பைக் கழற்றினார். பாட்டியும் குழந்தைகளும் இருளில் சாலையோரத்தில் நின்றார்கள். அவர் கைவிளக்கின் ஒளியில், கருகிய சுவிட்சை நீக்கி, இரண்டு கம்பிகளையும் நேராக முறுக்கிச் சேர்த்தார். விளக்குகள் எரிந்தன. நலமாக வீடு வந்து சேர்ந்தோம். அந்த முறுக்கு அன்று எங்களைக் காத்தது என்பதில் ஐயமில்லை.

ஆனால் அந்த முறுக்கு மறுநாளும் இருந்தது, மறுவாரமும் இருந்தது. விளக்கை அணைக்க வேண்டுமாயின் பானெட்டைத் திறந்து பாட்டரி இணைப்பைக் கழற்ற வேண்டும். "எரிகிறதே, அது போதாதா?" என்றார் தந்தையார். அப்போது, அவர் செய்யும் வேலையில் ஒருநாளும் குறுக்கிடாத எங்கள் அன்னையார், "அணைக்க வழியில்லாத அடுப்பை எந்த வீட்டிலாவது மூட்டுவார்களா? அது சரியாகும் வரை பிள்ளைகளை நான் ஏற்றமாட்டேன்" என்று உறுதியாகச் சொல்லிவிட்டார். வீட்டில் ஒரு வாரம் பேச்சுக் குறைந்திருந்தது. தம் கைவேலையை வீட்டார் நம்பவில்லையே என்னும் வருத்தம் தந்தையாருக்கு.

இறுதியில் சித்தூரில் கார் மின்வேலை செய்யும் ஒரு முதியவரிடம் வண்டியைக் கொண்டு சென்றோம். அவர் தந்தையாரைக் குறை கூறவில்லை. கணக்கை மட்டும் விளக்கினார். வீட்டில் 230 வோல்ட்டில் எரியும் 60 வாட் பல்பு கால் ஆம்பியர் அளவே மின்னோட்டம் வாங்கும். காரிலோ மின்னழுத்தம் 12 வோல்ட்டே. 45 வாட் விளக்குகள் இரண்டு சேர்ந்தால் 90 வாட்; அதற்கு ஏழரை ஆம்பியர் வேண்டும். 5 ஆம்பியர் தாங்கும் சுவிட்சு ஏழரையை நெடுநேரம் தாங்குமா? மேலும், தளர்ந்த திருகிலோ துருவேறிய முனையிலோ ஒரு வோல்ட் மட்டும் வீணானாலும், ஏழரை வாட் வெப்பம் அச்சிறு பெட்டிக்குள்ளேயே பிறக்கும். விளக்கொளியிலும் கால் பங்கு குறைந்துபோகும். 12 வோல்ட் என்பதால் உடம்பில் அதிர்ச்சி இராது. ஆனால் கம்பி தவறுதலாக வண்டியின் இரும்பைத் தொட்டால் பாட்டரியிலிருந்து நூற்றுக்கணக்கான ஆம்பியர் பாய்ந்து, கம்பியைப் பழுக்கக் காய்ச்சிவிடும்.

அவர் செய்த மருத்துவம் எளியது. பாட்டரிக்கு அருகிலேயே ஒரு பியூஸையும், விளக்குகளுக்கென்று ரிலேக்களையும் அமைத்தார். ரிலே என்பது மின்காந்தத்தால் இயங்கும் சுவிட்சு. விளக்குக்குரிய பெரிய மின்னோட்டம் அதன் வழியாகச் செல்லும். ஓட்டுபவர் தொடும் சுவிட்சில் அரை ஆம்பியருக்கும் குறைவாகவே செல்லும். இதனைக் கேட்டதும் தந்தையார், "அப்படியானால் என் வீட்டுச் சுவிட்சையே மறுபடி வைக்கலாமா?" என்றார். "தாராளமாக வையுங்கள் ஐயா, இனி அது தாங்கும்" என்றார் முதியவர். அதே வகைச் சுவிட்சு, அதே தகரத் துண்டில் ஏறியது. மறுநாள் அன்னையார் முன் இருக்கையில் அமர்ந்தார்.

தந்தையார் இன்று இல்லை. கார் இருக்கிறது. அதன் இப்போதைய பாட்டரி, திருப்பதிக்கு அருகே கரகம்பாடியில் ஆலை நடத்தும் அமர ராஜா நிறுவனத்தாரின் தயாரிப்பு. சிங்கப்பூரில் பணியாற்றும் எங்கள் தம்பி மகன், விடுமுறையில் வந்து அக்காரைப் புதுப்பிக்க விரும்புகிறான். அந்தத் தகரத் துண்டை அகற்ற வேண்டாம் என்றும், கம்பிகளையும் பியூஸையும் மட்டும் புதியனவாக மாற்றுமாறும் அவனுக்கு எழுதியிருக்கிறோம்.

பழைய கார் வைத்திருக்கும் அன்பர்களுக்குச் சில சொற்கள். சுவிட்சில் கைவைக்குமுன் பாட்டரி இணைப்பைக் கழற்றுங்கள். வண்டியின் உடலோடு சேர்ந்த முனையையே முதலில் கழற்ற வேண்டும். பழைய வண்டிகள் சிலவற்றில் அது நேர்முனையாகவும் இருக்கும். ஆதலின் பார்த்துச் செய்க. பழுது எங்கே என்றறிய, மீண்டும் இணைத்த பின், 12 வோல்ட் பல்பில் இரண்டு கம்பி கட்டிய சோதனை விளக்கே போதும்: சுவிட்சைப் போட்ட நிலையில், மின்சாரம் உட்செல்லும் முனையில் பல்பு எரிந்து, வெளிவரும் முனையில் எரியாவிடில் குற்றம் சுவிட்சினுடையதே. பியூஸ் போனால் சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாளைச் சுற்றாதீர்கள். அது காவற்காரனை உறங்கச் செய்வதற்கு ஒப்பாகும். வழியில் செய்த அவசர வேலை வீடு சேரும்வரைக்கு மட்டுமே. மறுநாளே அதனைப் பிரித்து முறையாகச் செய்துவிடுங்கள். வீட்டில் யாரேனும் அவ்வேலையைக் குறித்து அஞ்சினால், அதனைக் குறைகூறலாகக் கொள்ளாது, ஒருமுறை செவிசாய்த்துக் கேளுங்கள்.