ஜாலி

உங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போகிற பிள்ளை இருந்தால், ஒரே ஒருநாள் எண்ணிப் பாருங்கள், எத்தனை 'ஜாலி' என்று. லீவு விட்டால் ஜாலி. போன கரண்ட் திரும்பி வந்தால் ஜாலி. பொய் சொல்லி மாட்டிக்கொண்டால், "சும்மா ஜாலிக்குச் சொன்னேன்ப்பா!"

ஆங்கிலத்தில் அது பெரும்பாலும் பெயரடை. அதிலும் 'ஜாலி குட்' என்றால் அங்கே சந்தோஷமே கிடையாது, 'ரொம்ப நல்லது', அவ்வளவுதான். கடற்கொள்ளைக்காரர்களின் மண்டை ஓட்டுக் கொடிக்குக்கூட 'ஜாலி ரோஜர்' என்றுதான் பெயர். சொல்லின் பூர்வீகம் பழைய பிரெஞ்சு. இன்றைய பிரெஞ்சில் அதன் வாரிசுக்கு 'அழகான' என்று அர்த்தம். நாமோ அதைப் பெயர்ச்சொல்லாக்கி, 'ஜாலி பண்ணு' என்று வேலையும் வாங்கிவிட்டோம்.

இப்படி நாம் வளர்த்த பிள்ளை என்னைக் காலைவாரியது காசிமேட்டில்.

மே மாதம். விசைப்படகுகள் வரிசையாகக் கட்டிக் கிடந்தன. மீன்கள் இனம்பெருக்கும் காலம் என்பதால் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள் தடை. (2017-க்கு முன்பு 45 நாள்தான்.) வலை பின்னிக்கொண்டிருந்த பெரியவரிடம், பேச்சுக் கொடுக்கும் ஆசையில், "என்ன பெரியவரே, ரெண்டு மாசம் லீவு. ஜாலிதான்?" என்றேன்.

ஊசி நின்றது.

"இன்னா சார் ஜாலி? நிவாரணம் வட்டிக்கே பூடும். ஜூன்ல பேரனுக்கு ஸ்கூல் தொறந்துடுவான். போட்டு போனாத்தான சார் சோறு?"

எனக்கு முகம் எரிந்தது. சமாளிக்க, "அப்ப வலை நெறைய மீன் ஏறினா ஜாலியா இருக்குமே?" என்றேன். விட்டிருக்கலாம்.

"அப்பக்கூட குஜால் கெடையாது சார். டீசல் காசு, ஐஸ் காசு கழிச்சி, பங்கு பிரிச்சி, கைக்கு வந்தா குஜாலு."

குஜால்! 'குஷ்ஹால்' என்ற பாரசீகச் சொல்லின் வடசென்னைப் பேரன் என்று நினைக்கிறேன். நமது ஜாலி காசில்லாமல் வருகிறது. இவருடைய குஜாலுக்கு முன்னால் இத்தனை கழித்தல் கணக்கு.

தடை முடிந்து ஒரு வாரம் கழித்து மறுபடி போனேன். ஏலக் கூச்சல், பெட்டி பெட்டியாக மீன், கால் வைக்க இடமில்லை. கூட்டத்துக்கு நடுவே அவரைப் பார்த்துவிட்டேன்.

"பெரியவரே, குஜாலா?"

திரும்பாமலே கையை மட்டும் உயர்த்தினார்.

"இரு சார், ஏலம் முடியட்டும்."