கடலும் அடுக்களையும்

சிறுவர்களின் விளையாட்டைப் பற்றிப் பெரியவர்கள் பேசத் தொடங்கினால், அப்பேச்சு பெரும்பாலும் கடிந்துரையாகவே முடிவது வழக்கம். அதிலும் கணிப்பொறியின் திரையில் ஆடப்படும் விளையாட்டு என்றால் கேட்கவே வேண்டுவதில்லை. கண் கெடும், படிப்புக் கெடும், பொழுது வீணாகும் என்னும் மூன்று குற்றச்சாட்டுகளும் முறையாக எழுந்து நிற்கும். அவற்றில் உண்மை இல்லாமலும் இல்லை. ஆயினும், அத்தகைய விளையாட்டு ஒன்றைக் குறித்து நம் சங்க இதழின் நேயர்களோடு இன்று சிறிது உரையாட விழைகின்றோம். காரணம் யாதெனில், நம் வீட்டார் இருபது ஆண்டுகளாக வாய்திறந்து பேசாதிருந்த ஒரு செய்தியை அவ்விளையாட்டு பேச வைத்தது.

அதன் பெயர் ‘டேவ் தி டைவர்’ என்பது. ‘குளியாள் டேவ்’ என்று நாம் தமிழில் வழங்கலாம். தென்கொரிய நாட்டின் நெக்சன் நிறுவனத்தைச் சேர்ந்த மின்ட்ராக்கெட் என்னும் குழுவினர் இதனை ஆக்கி, 2023 ஜூன் 28 ஆம் நாள் முழு வடிவில் வெளியிட்டனர். அடுத்த ஆண்டின் சனவரி மாதத்திற்குள் 30 லட்சம் படிகள் விற்பனையாயின. கதைத் தலைவனான டேவ் வீரனும் அல்லன், அழகனும் அல்லன்; தொந்தியும் தளர்ந்த நடையும் கொண்ட ஓர் எளிய மனிதன். விடுமுறையில் இளைப்பாறிக் கொண்டிருந்த அவனைக் கோப்ரா என்னும் நண்பன் ஆழமான நீலக் கடற்குழி ஒன்றினருகே வரவழைத்து விடுகின்றான். பகலில் அக்குழிக்குள் மூழ்கி மீன் பிடிப்பது, இரவில் கரையிலுள்ள உணவகத்தில் அதே மீனை விருந்தினர்க்குப் பரிமாறுவது, இவ்விரண்டுமே அவன் தொழில். பாஞ்சோ என்னும் சமையற்காரர் சுஷி ஆக்குகின்றார். சுஷி என்பது, காடி கலந்த சோற்றுடன் மீன்துண்டைச் சேர்த்துப் படைக்கும் சப்பானிய உணவு.

கடலை ஆராய்வதும் கடை நடத்துவதும் ஒன்றோடொன்று ஒட்டாத தொழில்கள்போலத் தோன்றும். ஆனால் விளையாட்டின் உயிர்நிலை அவ்விரண்டும் கூடுமிடத்திலேயே உள்ளது. நீருக்குள் டேவின் உயிரை அளப்பது பிராணவாயு ஒன்றே. சுறா கடித்தால் குறைவதும் அதுவே. ஆசையால் நெடுநேரம் தங்கினால் தீர்வதும் அதுவே. அவன் சுமக்கும் எடைக்கும் வரம்பு உண்டு. வரம்பு கடந்தால் நடை தளர்கின்றது. மீனைப் பலமுறை தாக்கிக் கொன்றால் அதன் தசை தரம் குறைந்ததாகின்றது. வலையிட்டு உயிரோடு பிடித்தால் உயர்ந்த தரம் கிட்டுகின்றது. அதனால் வலிமையைவிட நிதானமே அங்கே பெரிதும் மதிக்கப்படுகின்றது.

கடையின் கணக்கும் அத்தகையதே. இன்றைக்கு எவ்வெவ் உணவு, ஒவ்வொன்றும் எத்தனை தட்டு என்று கடை திறக்குமுன் முடிவு செய்ய வேண்டும். விற்காமல் எஞ்சியது இரவு முடிந்ததும் வீணாகின்றது. விருந்தினர் பொறுமையிழந்தால் எழுந்து சென்று விடுவர். பச்சைத் தேநீரைக் கோப்பையில் சிந்தாமல் குறித்த அளவுக்கு ஊற்றவேண்டும். இருப்புப்பாதை அலுவலகத்தில் நாள்தோறும் வரவேட்டையும் செலவேட்டையும் ஒப்பிட்டுப் பார்க்கும் எழுத்தராகிய நமக்கு, இந்தக் கணக்கு மிகவும் பிடித்துப் போயிற்று. தேயிலைக் கொழுந்து பறித்தே முதுகு வளைந்த பாட்டனார் வழிவந்த நாம், திரையில் தேநீர் ஊற்றுவதற்கு ஒரு சிறுவனிடம் பாடம் கேட்டோம் என்பதையும் நேயர்கள் அறிந்து புன்னகை புரியலாம்.

இனி, இவ்விளையாட்டு கட்சால் தீவில் ஒரு வீட்டிற்குள் நுழைந்தபோது நேர்ந்ததைக் கூறுமுன், அத்தீவில் நம்மவர் எவ்வாறு குடியேறினர் என்பதைச் சொல்லவேண்டும். 1964 அக்டோபர் 30 ஆம் நாள் சாஸ்திரியாரும் சிறிமாவோ அம்மையாரும் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தின்படி, இலங்கை மலைநாட்டுத் தோட்டங்களில் தலைமுறைகளாக உழைத்த தமிழருள் 5,25,000 பேரை இந்தியா ஏற்றுக்கொள்வதென முடிவாயிற்று. அவ்வாறு திரும்பியோருள் ஒரு சிறு பகுதியினர் நிக்கோபார்த் தீவுகளுள் ஒன்றான கட்சாலின் ரப்பர்த் தோட்டத்திற்கு அனுப்பப்பட்டனர். நமது பாட்டனாரும் பாட்டியாரும் அவர்களுள் இருந்தனர். அங்கே கொழுந்துக் கூடையை இறக்கி வைத்தவர்கள், இங்கே பால்வெட்டும் கத்தியை எடுத்துக்கொண்டனர். பிரட்டுக்களம், பேர் போடுதல், லயம் ஆகிய சொற்களும், தேங்காய் ரொட்டியும் சம்பலும் அவர்களோடு கடல் கடந்து வந்தன.

ஆனால் கடல் அவர்களுக்கு உறவாகவில்லை. மலையில் பிறந்தவர்கள் மரத்தைப் பார்த்தே வாழ்ந்தனர். வைகறைக் குளிரில் ரப்பர்ப் பால் நன்கு சுரக்குமாதலால், விடியுமுன் காட்டுக்குள் செல்வதும் வெயிலேறுமுன் பாலைச் சேர்ப்பதுமே அவர்தம் நாளாயிற்று. கடலை அறிந்தவர்கள் தீவின் தொல்குடியினரான நிக்கோபாரிகள். பக்கத் துணைமரம் பூட்டிய ஹோடி என்னும் படகில் அவர்கள் அலைமேல் சென்று வருவர். நம்மவர் கரையில் நின்று மீன் வாங்கி வருவர். அடுக்களைக்குக் கடல் வந்ததேயன்றி, அடுக்களையிலிருந்து ஒருவரும் கடலுக்குச் சென்றதில்லை.

2004 டிசம்பர் 26 ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமை, காலை 6 மணி 29 நிமிட அளவில், சுமத்திராவுக்கு அருகே கடலடியில் 9.1 அளவுள்ள நிலநடுக்கம் தோன்றியது. தொடர்ந்து எழுந்த ஆழிப்பேரலையில் நிக்கோபார்த் தீவுகளிலேயே மிகுதியான உயிரிழப்பைக் கண்டவற்றுள் கட்சாலும் ஒன்று. தாழ்ந்த நிலப்பகுதிகள் சில கடலுக்குள் அமிழ்ந்து மீளவே இல்லை. 2001 ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் 5,312 ஆக இருந்த தீவின் மக்கள்தொகை, 2011 இல் 2,685 ஆகக் குறைந்தது. அன்று காலை மீன் வாங்கி வருவதாகச் சொல்லிக் கரைக்குச் சென்ற நம் தந்தையார் திரும்பவில்லை. நமக்கு அப்போது பதினான்கு வயது. அதற்குப் பின்னர் நம் வீட்டில் கடலின் பெயரை எவரும் எடுப்பதில்லை. பிறந்த பிள்ளைகள் கடற்காற்றை மூச்சிழுத்து வளர்ந்தும், முழங்கால் அளவு நீரில் இறங்கவும் இசைவு பெறவில்லை. அவ்வச்சம் நியாயமானதே என்பதைக் கூறவும் வேண்டுமோ!

சென்ற விடுமுறையில் நாம் தீவுக்குச் சென்றபோது, பழைய மடிக்கணினி ஒன்றில் இவ்விளையாட்டைப் பதித்து எடுத்துச் சென்றோம். ஐந்தாம் வகுப்பில் படிக்கும் தங்கை மகன் இரண்டே நாளில் அதில் தேர்ந்துவிட்டான். மேட்டில் கட்டப்பட்ட அவ்வீட்டின் வாயிலிலிருந்து பார்த்தால் மெய்யான கடல் தெரியும். அவனோ அதற்கு முதுகைக் காட்டியமர்ந்து, திரைக்கடலில் மூழ்கிக் கொண்டிருந்தான். நம் அன்னையார் அரிசி புடைத்தவாறே ஓரக்கண்ணால் பார்த்திருந்தார். விளையாட்டின் கதையில், கடலடியில் வாழும் ஒரு மக்கள் கூட்டம் அடிக்கடி நேரும் நிலநடுக்கத்தால் அல்லலுறுகின்றது. திரை குலுங்கியதைக் கண்ட அன்னையாரின் கை முறத்தின்மேல் நின்றது.

“தண்ணிக்குள்ளே மூச்சுத் தீர்ந்து போனால் இவன் கதி என்னப்பா?” என்று கேட்டார்.

“ஒன்றும் ஆகாது அம்மாயி. காப்பாற்றி மேலே கொண்டுவந்து விடுவார்கள். ஆனால் பிடித்ததெல்லாம் போய்விடும். ஏதாவது ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளலாம்” என்றான் சிறுவன்.

அன்னையார் சற்று நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, “எங்களுக்கும் அன்றைக்கு அப்படித்தான். ஒன்றைத்தான் எடுக்க முடிந்தது. காய்ச்சலோடு படுத்திருந்த உன் அம்மாவைத் தூக்கிக்கொண்டு மேட்டுக்கு ஓடினேன்” என்றார்.

சிறுவன் விளையாட்டை நிறுத்திவிட்டு அவரருகே வந்தமர்ந்தான். தாத்தா எங்கே போனார், அலை எவ்வளவு உயரம், யார் முதலில் கூவினார்கள் என்று ஒன்றன்பின் ஒன்றாக வினவினான். அன்னையாரும் ஒன்றையும் மறைக்காமல் விடை கூறினார். நாமும் தங்கையும் பலவற்றை அன்றுதான் முதன்முதலாகக் கேட்டோம். இருட்டிய பின்னரே அடுப்பு மூட்டப்பட்டது.

விளையாட்டு நமக்கு உணர்த்தும் நீதி ஒன்று உண்டு. அது மறைக்கும் உண்மைகளும் உண்டு. நீதி யாதெனில், கடலில் இறங்குவோன் தன் மூச்சின் அளவை அறிந்திருக்க வேண்டும், மீளும் நேரத்தை மறத்தலாகாது என்பதே. மெய்யான குளியாட்கள் இதனை என்றோ அறிந்தவர்கள். தூத்துக்குடிக் கடலில் 1961 வரை நடைபெற்ற முத்துக்குளிப்பில், கல்லைக் காலிற் கொண்டு மூழ்கியவரின் உயிர், படகில் கயிற்றைப் பிடித்திருந்த துணைவர் கையில் இருந்தது. அவ்விளையாட்டு பிறந்த கொரிய நாட்டின் செஜூ தீவில், ஹேன்யோ எனப்படும் பெண்கள் வாயுக்கலம் ஏதுமின்றி மூச்சடக்கி மூழ்கி, சங்கும் சிப்பியும் கடற்பாசியும் எடுக்கின்றனர்; அவர்தம் மரபை 2016 இல் யுனெஸ்கோ நிறுவனம் மனித குலத்தின் பண்பாட்டுச் செல்வமாக ஏற்றது. இளையோர் மூத்தோரிடம் பயின்று, கூட்டமாகச் சென்று, கூட்டமாகத் திரும்புவதே அவர்களின் முறை.

மறைக்கப்படும் உண்மைகளுள் முதலாவது, திரையில் மூச்சுத் தீர்ந்தவன் மறுநாள் எழுந்து மூழ்குவான்; மெய்க்கடலில் மறுநாள் இல்லை. இரண்டாவது, திரைக்கடலில் இன்று பிடித்த மீன் நாளையும் அங்கே நீந்தும். மெய்க்கடலில் எடுத்தது எடுத்ததே. அதனாலன்றோ, நம் நாட்டில் திமிங்கிலச் சுறாவும் கடல் அட்டையும் 2001 இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன! மூன்றாவது, கட்சாலின் கரை உரிமையாளர் அற்ற வெளியன்று. 1956 ஆம் ஆண்டின் தொல்குடியினர் பாதுகாப்பு ஒழுங்குமுறை நிக்கோபார்த் தீவுகளுக்கு உரியது. அவர்களின் நிலத்தையும் நீரையும் மதித்து வாழ்வது, அங்கு குடியேறிய நம்மவர் கடமை.

இவற்றையெல்லாம் பிள்ளைகளுக்கு எடுத்துச் சொல்ல வேண்டிய காலம் வந்துவிட்டது. ரப்பர்த் தோட்டத்தை நடத்திய அரசுக் கழகத்தை மூடுவதற்கு 2017 இல் மத்திய அமைச்சரவை இசைவளித்தது. மரத்தை நம்பி வந்த குடும்பங்களின் பிள்ளைகள் இனி வேறு பிழைப்பை நாடியாக வேண்டும். அவர்களைச் சூழ்ந்திருப்பதோ கடல். அதனைக் கண்டு அஞ்சுவதோடு அமையாமல், அதனை அறிந்து அஞ்சுதல் நன்று. அறிந்தவனின் அச்சம் அவனைக் காக்கும். அறியாதவனின் அச்சம் அவனைக் கட்டிவிடும்.

சிறுவனுக்கு நீந்தக் கற்பிக்கலாமா என்று அன்னையாரிடம் கேட்டோம். உவர்நீர் முதலைகள் உள்ள தீவாதலால், எங்கே இறங்கலாம், எப்போது இறங்கலாகாது என்பதை அயலிலுள்ள நிக்கோபாரிப் பெரியவர் ஒருவர் காட்டித் தருவதாக உரைத்தார். அன்னையார் நெடுநேரம் எண்ணிய பிறகு, “கற்றுக்கொள்ளட்டும். ஆனால் கரையில் பெரியவர் ஒருவர் நிற்காமல் கால் நனையக் கூடாது” என்றார். அவ்வளவே அவர் கூறியது. அதற்கு மேல் நாமும் வற்புறுத்தவில்லை. நாம் பெருநிலத்துக்குக் கப்பலேறும்வரை அவன் இடுப்பளவு நீரில் நிற்கப் பழகியிருந்தான். அவ்வேளைகளில் அன்னையார் மேட்டை விட்டு இறங்கியதில்லை; ஆயினும் வாயிலை விட்டு அகன்றதும் இல்லை.

சங்கத்து அன்பர்களுக்கு நாம் விடுக்கும் வேண்டுகோள் மூன்று. முதலாவதாக, பிள்ளைகள் ஆடும் விளையாட்டின் அருகே ஒருநாளேனும் அமருங்கள். அவர்கள் கேட்கும் கேள்வியும் நீங்கள் சொல்ல மறந்த விடையும் அங்கே சந்திக்கக்கூடும். இரண்டாவதாக, கடலோரத்தில் வாழ்வோர் பிள்ளைகளுக்குத் தக்கவர் துணையோடு நீந்தக் கற்பியுங்கள். 2007 முதல் ஐதராபாத்தில் ஆழிப்பேரலை எச்சரிக்கை நிலையம் இயங்கி வருகின்றது. ஆயினும், நிலம் வலுவாக அதிர்ந்தாலும், கடல் திடீரென உள்வாங்கினாலும், எச்சரிக்கைக்குக் காத்திராமல் மேட்டுக்கு ஓடவேண்டும் என்பதைப் பிள்ளைகள் நெட்டுருப் போட்டிருத்தல் வேண்டும். மூன்றாவதாக, எங்கிருந்து வந்தோம், எதை இழந்தோம், எதைத் தூக்கிக்கொண்டு ஓடினோம் என்பதை வீட்டுப் பெரியவர்கள் பேசட்டும். மலையிலிருந்து தீவுக்கும் தீவிலிருந்து பெருநிலத்துக்கும் இடம்பெயர்ந்த நம்போன்ற குடும்பங்களுக்கு நிலமும் வீடும் நிலையாக அமைந்ததில்லை. நினைவே நம் கைப்பொருள். அதனை அடுத்த தலைமுறையின் கையில் ஒப்படைத்தல் நம் கடன்.